வெற்றிலைத் தட்டமும் வாய்ப்புற்றும்

வெஸ்ட் ஈலிங் தமிழ்க் கடைகளில் வெற்றிலைக் கட்டு வந்திறங்கும் நாளில் முதலில் வந்து நிற்போர் எம் முதியோரே. ஊரையும் வீட்டையும் இழந்து வந்தவர்களுக்கு எஞ்சியுள்ள சிறு சுகங்களில் அதுவும் ஒன்று என்பதை நாம் அறிவோம். அதனாலேயே இவ்வாரக் கட்டுரையை எழுதச் சற்றுத் தயங்கினோம்.

புற்றுநோய் வராதிருக்க எதை உண்ணலாம் என்றே வாசகர்கள் எம்மிடம் வினவுகின்றனர். எதை விலக்கலாம் என வினவுவோர் அரிது. இலங்கையில் ஆண்களை அதிகம் பீடிக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றே. புகையிலைதான் குற்றவாளி, பாக்கு அப்பாவி என நெடுங்காலம் நம்பியிருந்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் பிரான்சின் லியோன் நகரிற் கூட்டிய நிபுணர் குழுவோ, புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என முடிவு செய்தது. பாக்கிலுள்ள அரிகோலின் போன்ற பொருள்கள் கன்னத்தின் உட்சவ்வை நார்போல் இறுகச் செய்கின்றன. உறைப்புப் பட்டால் எரியும். வரவர வாயைத் திறக்கவே இயலாது போகும். பளபளக்கும் தாளிற் பொதிந்து விற்கப்படும் இனிப்புப் பாக்கும் பாக்கே. அதைப் பிள்ளைகள் கையிற் கொடுப்பதைக் காணும்போது மனம் பதறுகிறது.

எமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவரின் கன்னத்துள் வெண்படலம் கண்டது. மஞ்சளும் தேனும் தடவினால் மாறும் என யாரோ கூற, ஐந்து மாதம் தடவினார். ஆங்கிலம் பேச வராத கூச்சமும் அவரைத் தடுத்தது. ஈற்றிற் பல்வைத்தியரிடம் சென்றபோது சத்திரசிகிச்சையன்றி வேறு வழி இருக்கவில்லை. உயிர் தப்பினார், ஆயினும் இன்று புட்டைக்கூடக் குழைத்தே உண்கிறார்.

மஞ்சளை நாம் இகழவில்லை. அதிலுள்ள குர்குமின் ஆய்வுகூடத்திற் புற்றுக் கலங்களை அடக்குவது உண்மை. உண்ணும்போதோ மிகச் சிறிதளவே இரத்தத்தைச் சேர்கிறது. இயற்கையில் மருந்தே இல்லை என்போரும் தவறுகின்றனர். எம் முற்றத்துப் பட்டிப்பூவிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்ரின் இன்றும் சிறுவரின் இரத்தப்புற்றுக்கு ஏற்றப்படுகிறது. ஆனால் அது வைத்தியசாலையில் அளந்து ஏற்றும் நஞ்சு. இலையை அவித்துக் குடிப்பது வேறு. 'விற்றமின் பி17' எனப் பெயர் சூட்டி விற்கப்படும் அப்பிரிக்கொட் விதைச் சத்தை அமெரிக்காவில் 178 நோயாளருக்குக் கொடுத்து, 1982இல் முடிவை வெளியிட்டனர். ஒருவருக்கும் நோய் மாறவில்லை. சிலரது இரத்தத்திற் சயனைட்டு ஏறியிருந்தது.

உணவைப் பற்றிக் கேட்டால், குரக்கன், குத்தரிசி, முருங்கையிலை, பருப்பு ஆகியவற்றின் நார்ச்சத்து குடலுக்கு நன்று என்போம். பிள்ளைகளின் மதியப் பெட்டியிற் சொசேச்சும் ஹாமும் நாள்தோறும் இடம்பெறுதல் நன்றன்று. பதப்படுத்திய இறைச்சி குடற்புற்றை உண்டாக்கும் என அதே முகவரகம் 2015இல் அறிவித்தது.

வாய்ப்புண் மூன்று வாரத்தில் ஆறாவிடில், வெண்படலமோ செம்படலமோ காணின், பல்வைத்தியரிடமோ குடும்ப வைத்தியரிடமோ செல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனின் முன்கூட்டியே கேளுங்கள், கட்டணமில்லை. 50 முதல் 74 வயதுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறை தபாலில் வரும் மலப்பரிசோதனைப் பொதியை விளம்பரமென்று எண்ணிக் குப்பையில் எறிய வேண்டாம். வீட்டிலேயே சிறு குச்சியால் மாதிரி எடுத்துத் தபாலிற் சேர்த்தாற் போதும். முத்திரையும் ஒட்ட வேண்டியதில்லை.