தோட்டத்து ஓடும் வெள்ளித் துகளும்

நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917-இல் கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் நடந்தது. பெயர் தென்னமரம், நட்டது செம்பனை! இன்று அந்தச் செம்பனையின் கொட்டை ஓடு மின்னணுத் தொழிலுக்கு மூலப்பொருளாகும் என்கிறார்கள். ஓட்டிலிருந்து கிராஃபைட் தயாரிக்க முனைந்த மலேசிய நிறுவனமான கிராஃப்ஜெட், 2024-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் இடம்பிடித்தது. இதில் நம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்பதே என் கேள்வி.

கிராஃபைட்டின் ஓர் அணுத் தடிமனுள்ள ஏடுதான் கிராஃபீன். 2004-இல் மான்செஸ்டரில் ஆண்ட்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டுநாடாவால் உரித்தே அதைப் பிரித்துக் காட்டினார்கள்; 2010-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மின்சாரம் அதில் வெகு எளிதாக ஓடும். ஆனால் அந்த ஓட்டத்தை முழுதாக நிறுத்த முடியாது. அதனால்தான் சிலிக்கான் சில்லின் இடத்தை அது பிடிக்கவில்லை. தவிர, ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மறுபடியும் கிராஃபைட் போலாகிவிடும்.

உலோக நுண்துகள்கள் இங்கேதான் உதவுகின்றன. கிராஃபீன் ஆக்சைடு கரைசலில் வெள்ளி நைட்ரேட்டைக் கலந்து, ஆக்சிஜனை நீக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தால், ஏட்டின் மேல் வெள்ளித் துகள்கள் முளைக்கும். அடுக்கிய தோசைகளுக்கு நடுவே வாழையிலைத் துண்டு வைப்பது மாதிரி, அவை ஏடுகளை ஒட்டவிடாது. மின்சாரம் ஏட்டுக்கு ஏடு தாவப் பாலமாகவும் இருக்கும். வெள்ளியை மிச்சப்படுத்தி, வளையும் சுற்றுகளை அச்சிடும் மை இப்படித்தான் உருவாகிறது. வெள்ளிக்குப் பதில் பல்லேடியம் என்றால், ஹைட்ரஜன் கசிவைக் கண்டுபிடிக்கும் உணரி கிடைக்கும்.

மின்கடத்தும் மையும் ரப்பர் சேர்மானமும் 2014-இல் அறிவிக்கப்பட்ட தேசிய கிராஃபீன் செயல் திட்டத்தின் 5 துறைகளில் இடம்பெற்றவை. 2020-க்குள் 2,000 கோடி ரிங்கிட் வருமானம், 9,000 வேலை என்றார்கள். அந்த ஆண்டு வந்து போய்விட்டது. கிராஃபீன் வேலைக்குப் போகிற ஒருவரையும் பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கம் நான் இதுவரை பார்த்ததில்லை.

உலகச் சந்தையிலும் குழப்பம்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 நிறுவனங்களின் மாதிரிகளைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 விழுக்காடுகூட இல்லை. ஓடு நம்மிடம் குவிந்து கிடக்கிறது. அதிலிருந்து வந்தது கிராஃபீனா வெறும் கரியா, வெள்ளித் துகள் சரியான அளவில் படிந்ததா என்று அளந்து சொல்லும் ஆள்தான் குறைவு. நல்ல சம்பளம் அந்த ஆளுக்குத்தான் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

அந்தப் பாதை படிவம் 4-இல் தொடங்குகிறது. 2020 முதல் அறிவியல், கலைப் பிரிவுகளுக்குப் பதில் பாடத் தொகுப்புகள் வந்துவிட்டன. வேதியியலும் கூடுதல் கணிதமும் இல்லாத தொகுப்பை எடுத்துவிட்டுப் பிறகு பொருளறிவியல் பக்கம் திரும்புவது மிகக் கடினம். கேட்கும் மாணவர் குறைந்தால் சிறிய பள்ளியில் அந்த வகுப்பைத் திறப்பதும் சிரமம். ஆகவே படிவம் 3 மாணவர்களின் பெற்றோர், தொகுப்புப் பாரம் கைக்கு வருமுன்பே பள்ளிக்குப் போய் இந்த இரண்டு பாடங்களும் உண்டா என்று கேளுங்கள். தனியாகப் போகாமல், நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து போங்கள்.