கல் சாட்சி சொல்லுமா?

ஓசூர் என்றால் ரோஜா, லாரி, ‘பெங்களூர் வாடகை கட்டுப்படியாகலை சார்’ என்று குடிவந்தவர்கள், அப்புறம் டைட்டன். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த கம்பெனி. முதலில் கடிகாரம், 1990-களில் நகை. பெயர் தனிஷ்க்.

வந்த புதிதில் 18 காரட் நகை போட்டார்கள். நம் அம்மாக்களா வாங்குவார்கள்? பிறகு 22 காரட்டுக்கு இறங்கி வந்தார்கள் (ஏறி வந்தார்கள் என்பதே சரி!). கூடவே கடையில் காரட் மீட்டர் என்று ஒரு மெஷின். பழைய வளையலை உள்ளே வைத்தால், உரசாமல் உருக்காமல், எக்ஸ்ரே மூலம் சில நிமிஷத்தில் எத்தனை காரட் என்று சொல்லிவிடும். ‘அந்தக் காலத்துச் சொக்கத் தங்கமாக்கும்’ என்ற பல நகைகளின் குட்டு உடைந்தது. விளம்பரத்தைவிட அந்த மெஷின்தான் பிராண்டை நிலைநிறுத்தியது என்பது என் கட்சி.

சரி, தங்கம் உண்மையைச் சொல்லிவிடும். வைரம்?

நிச்சயதார்த்தத்துக்கு நம்ம டிசைனிலேயே மோதிரம் ஆர்டர் கொடுக்கிறோம். கூட வருகிற வழக்கமான சர்ட்டிபிகேட் எடை, நிறம், வெட்டு எல்லாம் சொல்லும். அந்தக் கல்லை விற்ற காசில் யார் துப்பாக்கி வாங்கினான் என்று சொல்லாது. சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கலகக்காரர்களின் கஜானாவே வைரம்தான்.

இதைத் தடுக்க 2003-ல் கிம்பர்லி சான்றிதழ் முறை வந்தது. ஆனால் அது பட்டை தீட்டாத கல்லுக்கு, அதுவும் பொட்டலம் பொட்டலமாக. சூரத்தில் பட்டை தீட்டி, தரம் பிரித்து, கலந்த பிறகு கல்லின் பூர்வீகம் யாருக்குத் தெரியும்? இன்னொரு ஓட்டை: கலகக்காரன் விற்றால்தான் குற்றம். 2008-ல் ஜிம்பாப்வேயின் மராங்கேயில் வைரம் தோண்டிய ஏழைகளைச் சுட்டது அரசாங்க ராணுவம். கிம்பர்லி வரையறைப்படி அது ‘ரத்த வைரம்’ ஆகாது!

நான் பி.காம். வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று மூன்று வருஷம் படித்தவன். ஆகவே, ‘நேர்மையான வைரம்’ என்று போர்டு மாட்டிய கடையில் இதைக் கேளுங்கள்: “கல்லை யார்கிட்டே வாங்கினீங்க சார்? அவர் யார்கிட்டே வாங்கினார்? பில் இருக்கா?”

எடுத்துக் காட்டினால், அவரும் ஒரு காரட் மீட்டர் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். தைரியமாக ஆர்டர் கொடுக்கலாம். “எங்க மேல நம்பிக்கை இல்லையா தம்பி?” என்று காபி வரவழைத்தால், காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.