துக்க வீட்டில் ஒரு துணை



தோட்டத்து லயத்தில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சொல்லி அனுப்பாமலே ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் பந்தல் போடுவார். ஒருவர் குழி வெட்டப் போவார். பெண்கள் கோப்பி கலக்குவார்கள். வீட்டார் அழுதுகொண்டிருக்கலாம், மற்றதை லயம் பார்த்துக்கொள்ளும்.

பிழைப்புத் தேடி சிங்கப்பூர் போய், அடுக்குமாடியில் குடியிருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு அந்த லயம் ஏது? அங்கே லயத்தின் வேலையைச் செய்கிறவர்கள் கோவில் தொண்டர்கள். சிராங்கூன் சாலைக்குப் போனவர்கள், சற்றுத் தள்ளி ஓஃபிர் சாலையில் லூர்து மாதா கோவிலைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-இல் எழுந்த கோவில் அது. இன்று சிங்கப்பூரின் கத்தோலிக்கக் கோவில்கள் பலவற்றில் துக்க வீட்டுக்கென்றே தொண்டர் குழுக்கள் உண்டு.

இவர்கள் வந்து ஜெபமாலை சொல்வார்கள். பிறகு நிதானமாகக் கேட்பார்கள்: உடலை எத்தனை நாள் வைப்பது? பூசை எந்த மொழியில்? கையில் எவ்வளவு இருக்கிறது? கலங்கிய நேரத்தில் கடன் பட்டு விலை உயர்ந்த பெட்டி வாங்காமல் இருக்க, பக்கத்தில் ஒருவர் இருப்பதே பெரிய உதவி. 2022 மே 29 முதல், மருத்துவர் சான்றளித்ததும் மரணம் தானே பதிவாகிவிடுகிறது. அந்த அலைச்சலாவது குறைந்தது.

ஆனால் ஒரு கேள்விக்குத் தொண்டர் பதில் சொல்ல முடியாது. அடக்கமா, தகனமா?

“என்னை மண்ணில்தான் வைக்கவேண்டும்” என்று தாய் சொல்லியிருப்பாள். சிங்கப்பூரில் புதிதாக அடக்கம் செய்ய இன்று இருப்பது சுவா சூ காங் கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். அங்கும் 1998-இல் வந்த விதிப்படி 15 ஆண்டுகளுக்குத்தான் இடம். பிறகு தோண்டி எடுத்து, கிறிஸ்தவர்களின் எலும்புகளைத் தகனம் செய்வார்கள். இதை அறியாத மகன், பிற்பாடு தாய்க்குத் துரோகம் செய்ததாக மனம் வெதும்புவான்.

தகனம் பாவமோ என்று அஞ்சும் முதியவர்கள் இன்றும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை 1963-லேயே அதற்கு அனுமதி தந்துவிட்டது. சாம்பலைக் கடலில் தூவாமலும் வீட்டில் வைத்துக்கொள்ளாமலும், புனிதமான இடத்தில் வைக்கவேண்டும் என்று 2016-இல் விளக்கமும் சொன்னது.

நல்ல தொண்டரின் அருமை தெரிவது நான்காம் நாளில். கூடாரம் பிரித்தாகிவிட்டது, உறவினர் திரும்பிவிட்டனர், வீட்டில் ஒற்றையாய் ஒரு விதவை. அப்போது கதவைத் தட்டி, “சாப்பிட்டீங்களா அக்கா?” என்று கேட்பவரே துணை.

வாசகர்களே, நீங்கள் எந்த மதத்தவராயினும் இன்றிரவு உங்கள் பெற்றோர் அருகில் உட்கார்ந்து, அவர்கள் விருப்பத்தைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சாவைப் பேசினால் சாவு வந்துவிடாது. பேசாமல் விட்டால், உடலை நடுவில் வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் வழக்காட நேரும்.