சாபம் என்னும் சரக்கு

கல்லுக்குக் கோபம் வருமா? லயத்துப் பாட்டி ஒருத்தி வரும் என்று சொன்னால், ஆங்கிலம் படித்த நம்மவர் அறியாமை என்று நகைப்பர். அதே கதை வெள்ளைக்காரன் புத்தகத்தில் வழுவழுப்பான தாளில் அச்சாகி வந்தாலோ, அவர்களே வாய் பிளந்து படிப்பர். ஆகையால் இவ்விஷயத்தைப் பற்றி நாம் எழுத வேண்டியதாயிற்று.

நகரத்து வாலிபர் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, வீரனென்றும் மந்திரவாதியென்றும் தம்மைப் பாவித்து ஆடும் ஆட்டம் ஒன்றுண்டு. டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் பெயரில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974இல் வெளியிட்டது. எடுத்தவன் கையை விட்டு நீங்காத சாப வாள், நுழைத்த கையை விழுங்கும் பை என்று விபரீதப் பொருள்கள் அதில் ஏராளம். பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. பகடையை எடுத்து வைத்ததும் சாபம் முடிந்தது என்பதை ஆடுகிறவன் நன்கறிவான். அவனோடு நமக்கு வழக்கில்லை. ஆனால், அவ்வாட்டத்தின் 1978ஆம் ஆண்டு நூல் ஒன்றின் அட்டையில், திருடர் இருவர் பிரம்மாண்டமான சிலை மீதேறி அதன் கண்மணியைப் பெயர்க்கும் படம் இருக்கிறது. அந்தச் சிலைக்கண் எங்கிருந்து வந்தது என்பதே நம் கேள்வி.

வில்கி காலின்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1868இல் மூன்ஸ்டோன் என்ற நாவலை எழுதினார். இந்துக் கோயில் சிலைக்குரிய வைரம் சீமைக்குப் போய்க் கேடு சூழ்கின்ற கதை. கதை கதையாகவே நின்றிருந்தால் பாதகமில்லை. வைர வியாபாரிகளுக்கு அது நல்ல முதலாயிற்று.

ஹோப் என்னும் நீல வைரத்தைப் பாருங்கள். டவர்னியர் என்ற பிரெஞ்சு வர்த்தகன் அதைச் சிலையின் கண்ணிலிருந்து திருடினானாம். நாய்கள் அவனைக் கடித்துக் குதறினவாம். நடந்தது யாது? இந்தியாவிலிருந்து கொண்டுபோன அக்கல்லை 1668இல் பதினான்காம் லூயி மன்னனுக்கு அவன் விற்றான். 1689இல், எண்பது வயதுக்கு மேற்பட்ட கிழவனாய் மாஸ்கோவில் மாண்டான். வாங்கிய மன்னனோ அதற்குப் பின்னும் 47 ஆண்டு அரசாண்டு, எழுபத்தாறு வயது கழிந்து இறந்தான். இப்படிப்பட்ட சாபம் நம் தோட்டத்து ஜனங்களுக்குக் கிடைத்தால் வேண்டாமென்பார் யார்? பதினாறாம் லூயியும் ராணியும் 1793இல் தலையிழந்தார்களே என்பர். ரொட்டியில்லாத குடிகள் எழுந்தார்கள், தலை போயிற்று. அதற்குக் கல் என்ன செய்யும்?

சாபக் கதை பத்திரிகைகளில் பரவியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். பியர் கார்ட்டியே என்னும் நகை வியாபாரி அக்கதையைச் சுவைபடச் சொல்லி, எவலின் மக்லீன் என்ற அமெரிக்கச் சீமாட்டியிடம் கல்லை இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டுப் போனான். 1911இல் 1,80,000 டாலருக்கு வியாபாரம் முடிந்தது. ஆறு மாதத்துக்குள் அக்குடும்பத்தில் சாவு நேர்ந்தால் ஈடான வேறு நகை தரப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தும் ஏறிற்று! 1919இல் அவள் பிள்ளை மோட்டார் மோதி இறந்தபோது ஜனங்கள் மோட்டாரை மறந்தார்கள், கல்லைப் பழித்தார்கள்.

இந்த இரண்டு மூன்று நாள் தவணை நம்மவருக்குப் புதிதா? சனி தோஷம் என்று சோதிடன் சொல்ல, நீலக்கல்லைத் துணியில் முடிந்து, மூன்று இரவு தலையணைக்கடியில் வைத்துக் கனவு பார்க்கும் வழக்கத்தை அறியாதார் யார்? கெட்ட கனவு வந்தால் வேறு கல்; வராவிட்டால் அதே கல். எவ்வாறாயினும் கல் விற்கிறது. பால் வெட்டிச் சேர்த்த சம்பளத்தில் மோதிரம் வாங்கியவனிடம், "தம்பி, பிள்ளைக்குப் பள்ளிப் புத்தகம் வாங்கினாயா?" என்று கேளுங்கள்.

இன்னொரு சாரார் உளர். இவர்கள்மீதுதான் நமக்கு மிகுந்த வருத்தம். வெள்ளையனை நம் தெய்வம் பழிவாங்கியது பார்த்தீர்களா என்று மார்தட்டுகிறார்கள். சிலைக்கண்ணைக் கற்பித்தவன் அவன். அதைப் பெருமையென்று சுமக்கிறவர் நாம். நன்று!

அந்த வைரம் தெலுங்கு நாட்டுக் கொல்லூர்ச் சுரங்கத்தில் எடுத்தது என்று கருதப்படுகிறது. அங்கே ஆண், பெண், குழந்தைகளாக ஏறக்குறைய 60,000 பேர் வேலை செய்ததாக டவர்னியரே எழுதி வைத்திருக்கிறான். வேறொரு சுரங்கத்தில் தொழிலறிந்த ஆளுக்கும் வருஷக் கூலி மூன்று வராகன் என்பதும் அவன் குறிப்பே. மண்ணை வெட்டியவன் ஆண். சுமந்தவர் பெண்ணும் பிள்ளையும். அவர்களில் ஒருவர் பெயரேனும் எந்தச் சாபக் கதையிலாவது உண்டா? ராணியின் கழுத்துக்கு இரங்கிய கதாசிரியர்கள், கூடை சுமந்த தலைக்கு ஒரு வரி எழுதவில்லை. பழிவாங்கும் தெய்வம் ஒன்று அக்கல்லில் குடியிருந்திருந்தால், மூன்று வராகன் கூலி கொடுத்தவனையன்றோ முதலில் பிடித்திருக்கும்?

1958இல் ஹாரி வின்ஸ்டன் என்ற வியாபாரி அக்கல்லை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்குத் தானமளித்தபோது, பழுப்புக் காகிதம் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். செலவு 145 டாலர் 29 காசு. அதில் தபால் கூலி 2 டாலர் 44 காசு, மிச்சமெல்லாம் இன்ஷூரன்ஸ். அதன் பின்னும் இருபது ஆண்டு அவர் உயிரோடிருந்தார். கொல்லூர்ச் சுரங்கம் இருந்த இடத்தின் மேலோ இன்று கிருஷ்ணையாற்று அணை நீர் நிற்கிறது.