கரை கண்டவரின் துணை

"அங்கொடைக்குப் போய் வந்தவன்" என்று ஒருவனைச் சொல்லிவிட்டால், நம் நாட்டிலே அதற்குமேல் அவனைப்பற்றி எவரும் எதுவும் கேட்பதில்லை. பெண் கொடார், வேலை கொடார், பக்கத்திலிருந்து பேசவும் அஞ்சுவர். காய்ச்சல் மாறியவனைச் சுகமடைந்தவன் என்கின்றோம். சித்தங் கலங்கித் தெளிந்தவனை மட்டும் ஆயுள் முழுவதும் நோயாளியாகவே வைத்திருக்கின்றோம். அத்தகைய ஒருவரை மனநோய் விடுதியிலேயே சம்பளத்துக்கு அமர்த்துங்கள் என்று நான் சொன்னால் வாசகர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், ஆயினும் பழைய கதையொன்றைக் கேட்டபின் நகைக்கட்டும்.

பாரிஸ் நகருக்கு அருகேயுள்ள பிசேத்ர் வைத்தியசாலையில், 1780களிலே மனநோயாளர் விடுதியின் மேற்பார்வை பியூசன் என்பவரிடம் வந்தது. அவர் வைத்தியர் அல்லர். தோல் பதனிடுந் தொழிலாளி. கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற அங்கு வந்து, குணமானபின் அங்கேயே ஊழியரானவர். உடல் நோயே எனினும், நோயாளியாய்க் கிடந்த அநுபவம் அவருக்கு இருந்தது. தம் விடுதிக்கு ஆள் தெரிந்தபோது, மனநோயிலிருந்து தெளிந்தோரையும் தெளிந்து வருவோரையும் இயன்றவரை சேர்த்துக்கொண்டார். அடிபட்டவருக்குப் பிறரை அடிக்கக் கை எழாது என்பதை அவர் கண்டிருந்தார். 1793இல் அங்கு வந்த டாக்டர் பினெல் இவரிடமிருந்து மிகுதியும் கற்றார். 1797இல் அங்கே நோயாளரின் சங்கிலிகளைக் களைந்தவரும் பியூசனே. பினெல் அதற்குமுன்பே வேறு வைத்தியசாலைக்கு மாறிவிட்டார். ஆனால் ஓவியர்கள் பினெலைத்தான் தீட்டினார்கள். தோல் பதனிட்டவனுக்குப் படம் எழுத யார் வருவார்!

நியூயோர்க்கிலும் 1940களிலே மனநோய் வைத்தியசாலையிலிருந்து வெளிவந்த சிலர், 'நாம் தனியர் அல்லர்' என்று தமக்குப் பெயரிட்டுக் கூடினர். அதன் வழியே 1948இல் 'பவுண்டன் ஹவுஸ்' எழுந்தது. அங்கு வருவோர் நோயாளர் அல்லர், அங்கத்தவர். சமையலும் கணக்கெழுத்தும் அவர்கள் கையிலும் உண்டு.

மருந்து வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இத்துணை அற்புதம் விளைக்கும் என்றும் சொல்லேன். பதினொரு பரிசோதனைகளை ஒருங்கே நோக்கிய கொக்றேன் மதிப்பாய்வு 2013இல் வெளிவந்தது. முன்னாள் நோயாளர் அளித்த உதவி, பயிற்சி பெற்ற ஊழியரின் உதவியைவிடப் பெரிதும் மேலுமன்று, கீழுமன்று என்றது அது. கீழன்று என்பதே எனக்குப் போதும்.

கிளினிக் நாளிலே விறாந்தை வாங்கில் காத்திருக்கும் இளைஞனை நினையுங்கள். "மருந்தை நிறுத்தாதே" என்று வைத்தியர் ஐந்து நிமிடத்திற் சொல்லிவிடுவார். கை நடுங்கும், நா வறளும், உச்சிவேளையிலும் கண் அயரும். ஒருநாள் எல்லாவற்றையும் கிணற்றுக்குள் எறியத் தோன்றும். இவற்றை அறிந்தவர், எறிந்தும் பார்த்தவர், அவனருகே அமர்ந்து "தம்பி, எனக்கும் அப்படித்தான் இருந்தது, வைத்தியரிடம் சொல்லி அளவைக் குறைத்தேன்" என்றால் அவன் தலை நிமிரும். ஊர் திரும்பியதும் அயலார் கேட்கும் கேள்விக்கு என்ன விடை சொல்வது என்பதையும் அவரிடமே கேட்கலாம். இப்பாடம் எந்தக் கல்லூரியிலும் இல்லை.

இதைப் புண்ணியத்துக்குச் செய்யச் சொல்லலாகாது. பயிற்சியும் சம்பளமும் வேண்டும். தாமே மீண்டும் தளர்ந்தால் ஓய்ந்திருந்து திரும்பிவர உரிமையும் வேண்டும். அடுத்தமுறை வைத்தியசாலைச் சிற்றூழியர் வேலைக்கு விண்ணப்பங் கோரும்போது, மனநோயிலிருந்து தெளிந்தோரும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி சேர்ப்பதற்கு அதிகாரிகளுக்கு என்ன தடை?