டேட்டாவுக்கும் இருப்புக் கணக்கு வேண்டும்

வணிகர்களாகிய நாம் எந்தச் சரக்கையும் அளக்காமல் வாங்குவதில்லை, அளக்காமல் விற்பதுமில்லை. நூறு மூட்டை பருப்பு இறங்கினால் எடைச்சீட்டைப் பார்க்கிறோம். மூட்டைக்கு அரைக் கிலோ குறைந்தாலும் விசாரிக்கிறோம். ஆனால் மாதந்தோறும் பணம் கட்டி, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் கொடுத்து வாங்குகிற ஒரு சரக்கை மட்டும் நம்மில் பெரும்பாலோர் அளந்து பார்ப்பதே இல்லை. அதுதான் இணைய டேட்டா.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட முடியாது. 2018 ஏப்ரல் முதல் வெளிமாநிலத்துக்குச் சரக்கு போக ஈ-வே பில் கட்டாயமாயிற்று. 2023 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்களை இ-இன்வாய்ஸாகவே எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. சில்லறைக் கடையில் பாதிப் பேர் கைப்பேசியைக் காட்டித்தான் பணம் தருகிறார்கள். கடைக்கு மேலேயே வீடு உள்ள நம்மவர் பலருக்கு, வீட்டுக்கும் கடைக்கும் ஒரே இணைப்புதான். லாரி லோடு ஏற்றி நிற்கிற நேரத்தில் டேட்டா தீர்ந்தால் வேகம் ஆமையாகிவிடும். டிரைவர் காத்து நிற்பார்; வாங்கியவர் போன் செய்துகொண்டே இருப்பார். நஷ்டம் நமக்குத்தான்.

அப்படித் தீர்ந்துபோகும்போது நாம் என்ன செய்கிறோம்? ஒன்று, உடனே கூடுதல் பேக் போடுகிறோம் அல்லது பெரிய திட்டத்துக்கு மாறுகிறோம். இரண்டு, யார் மேலாவது பழி போடுகிறோம். “பேரன் விளையாடியே தீர்த்துவிட்டான்”, “கடைப் பையன் படம் பார்க்கிறான்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கல்லாவில் பணம் குறைந்தால் கணக்கை மறுபடி கூட்டிப் பார்க்காமல் ஆளைச் சந்தேகப்படும் முதலாளியிடம் நல்ல ஆள் தங்கமாட்டான் என்பது நமக்குத் தெரியும். அந்த நியாயம் இதற்கும் பொருந்தும். கணக்குப் பார்க்கும் முன் பெரிய திட்டம் வாங்குவதும் தவறு. ஆளைக் குறை சொல்வதும் தவறு.

எது தின்கிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் வியாபார வேலைகள் டேட்டாவைத் தின்பதில்லை. ஒரு யு.பி.ஐ. வரவு, ஒரு ஈ-வே பில், ஒரு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் எல்லாம் எழுத்தும் எண்ணும்தான். ஒரு நாள் முழுவதும் நடப்பதைச் சேர்த்தாலும் ஒரு மணி நேரத் தெளிவான படத்துக்கு ஈடாகாது. நெட்பிளிக்ஸ் நிறுவனமே சொல்லும் கணக்குப்படி ஹெச்.டி. தரப் படம் மணிக்கு 3 ஜி.பி. வரையும், 4கே தரப் படம் மணிக்கு 7 ஜி.பி. வரையும் எடுக்கும். பெரிய டி.வி.யில் தினம் நான்கு மணி நேரம் 4கே ஓடினால் மாதத்துக்கு 840 ஜி.பி. வரை போகும்.

ஆனால் படம் பார்ப்பது எல்லோருக்கும் தெரிகிற செலவு. தெரியாமல் போகிற செலவுதான் நம் கவனத்துக்கு உரியது. அதில் முதலாவது கண்காணிப்பு கேமரா. ஹார்டு டிஸ்க் உள்ள பெட்டியில் பதிவாகும் கேமரா, நாம் வெளியூரிலிருந்து கைப்பேசியில் பார்க்கும்போது மட்டும்தான் டேட்டா எடுக்கும். பெட்டி இல்லாமல், இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்கே இடைவிடாமல் பதிவை அனுப்பும் கேமரா அப்படியல்ல. நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 900 எம்.பி.; நாளைக்கு 21.6 ஜி.பி.; 30 நாளைக்கு 648 ஜி.பி. இப்படி நான்கு கேமரா இருந்தால் 2,592 ஜி.பி. பல நிறுவனங்கள் “அன்லிமிடெட்” என்று விற்கும் ஃபைபர் திட்டங்களுக்கு மாதம் 3,300 ஜி.பி. என்று ஓர் எல்லை உண்டு. அதில் முக்கால் பங்குக்கு மேல், யாரும் உட்கார்ந்து பார்க்காத பூட்டிய குடோனின் படமாகவே போய்விடும்! பல திட்டங்களில் உள்ளே வருவது மட்டுமல்ல, வெளியே போவதும் கணக்கில் சேரும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும்படி மாற்றினால் இது வெகுவாகக் குறையும்.

இரண்டாவது, குடோனில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஓடும் கணினி. கைப்பேசியில் இருப்பது நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஜி.பி.தான். கணினிக்கு அது தெரியாது. ஹாட்ஸ்பாட்டையும் வீட்டு வைஃபை போலவே நினைத்து, விண்டோஸ் அப்டேட்டைத் தானாக இறக்க ஆரம்பித்துவிடும். பத்து மணிக்குள் அன்றைய படி தீர்ந்துபோகும். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் “மீட்டர்டு கனெக்‌ஷன்” என்று ஓர் இடம் இருக்கிறது. அதை ஆன் செய்தால் பெரிய அப்டேட்டுகளைக் கணினி பெரும்பாலும் நிறுத்திவைக்கும்.

மூன்றாவது, நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே. வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கத்திலிருந்து சந்தை நிலவரம் வரை வரும் வீடியோக்களை, நாம் மாற்றாதவரை, வைஃபையில் இருக்கும்போது அது தானாகவே இறக்கிவைக்கும். இருபது குழுவில் இருக்கிறவர், திறந்தே பார்க்காத வீடியோவுக்கும் டேட்டா கொடுக்கிறார். எடுக்கிற புகைப்படமெல்லாம் கூகுள் போட்டோஸுக்கு ஏறுவதும், யூடியூபில் ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதும் இந்த வகைதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பேரேட்டில் தொகை உதைத்தால் நாம் என்ன செய்வோம்? முதலில் மொத்தம், பிறகு ஆள்வாரி, பிறகு சிட்டை. அதே வரிசைதான் இங்கும்.

மொத்தக் கணக்கு, இணைப்புத் தந்த நிறுவனத்தின் செயலியில் இருக்கிறது. தினமும் கடை திறக்கும்போதும் அடைக்கும்போதும் அந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். ஒரு வாரம் போதும். பகலில் ஏறுகிறதா, இரவில் எல்லோரும் தூங்கும்போதும் ஏறுகிறதா என்பது தெரிந்துவிடும். இரவில் ஏறினால் பேரன் மேல் குற்றமில்லை. ஏதோ ஒரு இயந்திரம் வேலை செய்கிறது.

ஆள்வாரிக் கணக்கு, ரவுட்டரில் இருக்கிறது. எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்ற பட்டியல் அதன் பக்கத்தில் தெரியும். சில ரவுட்டர்கள் கருவிக்கு எவ்வளவு என்றும் காட்டும். தெரியாத பெயர் ஒன்று இருந்தால் உடனே பதற வேண்டாம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், கைப்பேசிகள் தம் உண்மை அடையாள எண்ணை மறைத்து வேறோர் எண்ணைக் காட்டுகின்றன. வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து துண்டித்து, பட்டியலில் எது மறைகிறது என்று பார்த்தால் தெளிவாகிவிடும். எல்லாவற்றையும் துண்டித்த பிறகும் ஒரு பெயர் நின்றால் அது வெளியார். வாடிக்கையாளருக்கோ பக்கத்துக் கடைக்கோ எப்போதோ சொன்ன கடவுச்சொல்லை மாற்ற வேண்டிய நேரம் அதுதான்.

கருவிக்குக் கணக்குக் காட்டாத ரவுட்டராக இருந்தால், ஓர் இரவு கேமராவை மட்டும் விட்டு மற்றதை நிறுத்துங்கள். மறுநாள் இரவு கணினியை மட்டும் விடுங்கள். மறுநாள் காலை எண்ணைப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது.

சிட்டைக் கணக்கு, அந்தந்தக் கருவிக்குள் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் விண்டோஸ் கணினியிலும் “டேட்டா யூசேஜ்” என்ற இடத்தில் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாய்த் தெரியும். முதல் மூன்றைப் பார்த்தால் போதும். சேதாரம் பெரும்பாலும் அங்கேதான்.

நாம் கேட்க வேண்டியது

“இன்று டேட்டா மலிவு, இதற்கெல்லாம் கணக்கா?” என்று சிலர் கேட்கலாம். உப்பும் மலிவுதான், அதற்காக மூட்டை ஓட்டையாக இருந்தால் விட்டுவிடுகிறோமா? காசு சிறிதாக இருக்கலாம். ஆனால் பில் போட வேண்டிய நேரத்தில் இணைப்பு முடங்குவது சிறிய விஷயமல்ல. வீட்டிலும் கடையிலும் ஒருவர் மேல் ஒருவருக்கு வரும் சந்தேகம் அதைவிடப் பெரியது.

நம் பக்கத்துக் கடமை இப்படி இருக்க, விற்பவர் பக்கமும் கடமை உண்டு. அனுமதித்த அளவில் 50, 90, 100 சதவீதம் செலவாகும்போது பிராட்பேண்ட் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இல் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. அந்தத் தகவல், இணைப்பு வாங்கியபோது பதிந்த எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோதான் போகும். அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஆனாலும் பாதி தீர்ந்தது என்று சொல்வது கணக்கு ஆகாது. மணிவாரியாக எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று பிரித்துக் காட்டும் பட்டியல் மாத பில்லோடு வர வேண்டும். எந்தப் படம் பார்த்தோம், யாரோடு பேசினோம் என்ற விவரம் அதில் தேவையில்லை. அது நம் சொந்த விஷயம். அளவு மட்டும் போதும். ஒரு கிலோ சர்க்கரை விற்கிற நாமே எடையையும் விலையையும் எழுதி பில் தருகிறோம். அதே நியாயத்தைத்தான் கேட்கிறோம். டிராய் புதிய விதிகளுக்கு முன் கருத்துக் கேட்பறிக்கை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்பது வழக்கம். அப்படி ஒரு வாய்ப்பு வரும்போது நம் சங்கத்தின் பெயரில் இந்தக் கோரிக்கை போய்ச் சேர வேண்டும்.

அதுவரை, மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும்போது டேட்டாவுக்கும் ஒரு வரி ஒதுக்குவோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். ஆகாயத்தில் போவதற்கும் அதே அளவுகோல்தான்.