மைக் பிடிக்காத வரங்கள்

ஆவிக்குரிய வரம் என்றதும் பலருக்கு மேடையும் மைக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். பிரசங்கிக்க வராது, பாட வராது. அப்படியானால் தனக்கு வரமே இல்லை என்று கடைசி பெஞ்சில் ஒதுங்கிவிடுபவர்கள் ஏராளம். (நாற்காலி அடுக்க மட்டும் அவர்களைத் தவறாமல் கூப்பிடுவார்கள்!)

ரோமர் 12-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் 7 வரங்களில் பகிர்ந்து கொடுப்பதும் உண்டு, இரக்கம் காட்டுவதும் உண்டு. யாத்திராகமத்தில் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று சொல்லப்படும் பெசலெயேல் போதகர் அல்ல. பொன்னிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்த கைவினைஞர்.

சரி, தனக்குரிய வரம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேள்வித்தாளை நிரப்பிப் பார்க்கலாம். ஆனால் அது தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மார்க். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாட உணவு சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. நற்சாட்சி பெற்ற 7 பேரைத் தெரிந்தெடுக்கும்படி அப்போஸ்தலர்கள் சபையாரிடமே சொன்னார்கள். யார் பாரபட்சம் பார்க்காமல் பரிமாறுவார் என்பது கூடவே இருந்து பார்த்தவர்களுக்குத்தானே தெரியும்?

அந்த 7 பேரில் ஒருவரான பிலிப்பு பின்னர் சமாரியாவில் பிரசங்கித்தார். சுவிசேஷகர் என்றே பெயரும் பெற்றார். தொடங்கியது பந்தி விசாரிப்பில்.

வரம் தெரியட்டும் என்று காத்திருப்பவர்கள், நோயாளிகளைச் சந்திக்கும் குழுவோடு இரண்டு மாதம் போய்வரலாம். பிறகு, உடன் வந்தவர்களிடம் கேட்கலாம்.